வாவிக்கரைக்கு விருந்தாளி வந்தால் விவசாயிக்கு என்ன கிடைக்கும்?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இப்போது வெளியூர் வாகனங்களைக் காண்கிறோம். கல்லடிப் பாலத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். மண்முனைப் பாலத்தில் இறங்கிக் காற்று வாங்குகிறார்கள். கொக்கட்டிச்சோலைக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பள்ளி விடுமுறை வந்தால் பாசிக்குடாக் கரை நிறைந்துவிடுகிறது. வந்தவர்கள் மகிழ்ச்சியோடு திரும்புகிறார்கள். நல்லது. ஆனால் ஒரு முறையல்ல, பல முறை இடம்பெயர்ந்து, கொட்டில் கட்டி, காடாகிப் போன வயலைத் திரும்ப வெட்டித் திருத்திய குடும்பங்களுக்கு இதனால் என்ன நன்மை? இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாதிருக்கும் குடும்பங்களுக்கு என்ன நன்மை?

இந்தக் கேள்விக்கு இரண்டு விதமான பதில்களை அடிக்கடி கேட்கிறோம். "சுற்றுலா வந்தால் எல்லோரும் முன்னேறிவிடலாம்" என்பது ஒன்று. "அது பெரிய முதலாளிகளின் தொழில், எங்களுக்கு அதில் வேலையில்லை" என்பது மற்றது. இரண்டும் முழு உண்மையல்ல. சுற்றுலா எமது வெள்ளாமைக்கு மாற்று ஆகாது. ஆனால் காணி எமது கையில் இருந்து, ஊர் ஒன்றாக நின்று செய்தால், வெள்ளாமைக்குத் துணையாக நிற்கும் ஒரு சிறு வருமானம் ஆகலாம். அது எப்படி, எந்த அளவுக்கு, எங்கே ஏமாறக்கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம். படுவான்கரையின் சிறு பட்டினமான கொக்கட்டிச்சோலையையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். மற்ற ஊரார் தங்கள் ஊருக்கு ஏற்றவாறு பொருத்திப் பார்க்கலாம்.

எதைப் பார்க்க வருகிறார்கள்?

எமக்கு நித்தமும் காணும் காட்சி என்பதால் அதன் பெறுமதி எமக்குத் தெரிவதில்லை. ஒரு முறை வெளியூரார் கண்ணால் பார்ப்போம்.

முதலில் கோவில்கள். கொக்கட்டி மரச் சோலையால் பெயர் பெற்ற ஊரில் தான்தோன்றீஸ்வரர் ஆலயம் இருக்கிறது. போர்த்துக்கேயத் தளபதியின் முன்னால் கல் நந்தி எழுந்து புல் தின்ற கதையை எமது பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். தேரோட்டத்துக்கு வரும் கூட்டத்தைச் சொல்லத் தேவையில்லை. தெற்கே மண்டூர் முருகன் கோவிலைச் சின்னக் கதிர்காமம் என்று போற்றுகிறோம். வடமேற்கே ஆயித்தியமலையில் சதா சகாய மாதா திருத்தலம் உண்டு. அதன் திருவிழாவுக்குத் தூர ஊர்களிலிருந்தும் நடந்தே வருகிறார்கள்.

அடுத்தது வாவி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த நீர்ப்பரப்பு பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. எழுவான்கரையில் சூரியன் எழுவதையும் படுவான்கரையில் அது படுவதையும் ஒரே தோணியில் இருந்து பார்க்கலாம். கரையோரக் கண்டல், கிண்ணை, கண்ணா மரங்களுக்கிடையில் நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், மீன்கொத்தி என்று பறவைகள் எத்தனையோ. நவம்பர் முதல் மார்ச் வரை வடக்கு நாடுகளிலிருந்து குளிருக்கு அஞ்சி வரும் பறவைகளும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

வாவியின் பாட்டு உலகப் புகழ் பெற்றது. ஆங்கிலேய ஆட்சியில் உயர் பதவியில் இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ட் 1848 ஆம் ஆண்டு இங்கு வந்தபோது தோணியில் இருந்து இந்த ஒலியைக் கேட்டு, பின்னர் தமது நூலில் எழுதினார். இது ஊரி குளறுகிற சத்தம் என்று எமது மீனவர் அவருக்குச் சொன்னார்கள். யேசு சபைக் குருவான லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்தார். வானொலியிலும் அது ஒலிபரப்பானது. மீன் பாடுகிறதா, ஊரி பாடுகிறதா என்பது இன்றும் முடிவாகவில்லை. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், நிலாக் காலத்து இரவில், கல்லடிப் பாலத்தை அண்டிய நீரில் அதைக் கேட்கலாம் என்பதே எல்லோரும் சொல்வது. துடுப்பின் ஒரு நுனியை நீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்பது பழைய முறை. இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். இயந்திரப் படகில் போனால் இந்தப் பாட்டுக் கேட்காது. கையால் வலிக்கும் தோணியே இதற்கு வேண்டும். அதாவது, விலை கூடிய படகு இல்லாதவருக்கே இந்த வேலை பொருந்துகிறது.

மட்டக்களப்பு நகரில் 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இருக்கிறது. பாலமீன்மடுவில் 1913 இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது. மேற்கே உன்னிச்சைக் குளமும் அதன் வட்டைகளும், வடமேற்கே குடும்பிமலையும், வடக்கே பவளப்பாறைகள் அலையைத் தடுப்பதால் சிறுவரும் இறங்கக்கூடிய பாசிக்குடாக் கடலும் உள்ளன. இவற்றோடு சூடடிக்கும் களம், எருமைப் பட்டி, பன்பாய் இழைக்கும் திண்ணை, கூத்துக் களரி ஆகியவையும் வெளியூராருக்குப் பார்க்கத் தகுந்தவையே.

முன்பு படுவான்கரைக்கு வருவதென்றால் பலர் மண்முனைத் துறையில் பாதைக்காகக் காத்து நிற்க வேண்டும். 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் அந்தத் தடை நீங்கிவிட்டது. ஆட்கள் இலகுவாக வருகிறார்கள். அவ்வளவு இலகுவாகத் திரும்பியும் போகிறார்கள். அவர்கள் அரை நாளாவது எமது ஊரில் நின்று, எமது கையால் எதையாவது வாங்கிப் போகச் செய்வதே இனி உள்ள வேலை.

வருகிறவர்கள் யார்?

சுற்றுலா என்றவுடன் வெள்ளைக்காரரையே நினைக்கிறோம். உண்மையில் எமது ஊர்களுக்கு வருகிறவர்களில் முக்கியமானவர்கள் வேறு சிலர். கோவிலுக்கும் திருத்தலத்துக்கும் வரும் யாத்திரிகர், பாடசாலைச் சுற்றுலா மாணவர், கண்டியிலும் கொழும்பிலுமிருந்து கடல் பார்க்க வரும் குடும்பங்கள், கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரித்தானியாவிலும் இருந்து ஊர் பார்க்க வரும் எமது சொந்த உறவினர் ஆகியோரே அவர்கள். இவர்களுக்கு ஆங்கிலம் பேசும் வழிகாட்டி வேண்டியதில்லை. சுத்தமான மலசலகூடம், நிழல், குடிநீர், நல்ல சாப்பாடு, பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது ஒன்று இருந்தால் போதும். தொடக்கத்தில் இவர்களை நினைத்தே திட்டமிட வேண்டும் என்பது எமது ஆலோசனை.

மற்றொரு தயக்கமும் எமது மக்களிடம் உண்டு. "மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள்" என்று வெளியூரார் வேடிக்கையாகச் சொல்வார்கள். வந்தவரை உபசரித்தே பழகிய எமக்கு, சோறு போட்டுவிட்டுக் காசு கேட்க வாய் வராது. இது நல்ல குணமே. ஆனால் வாடகை வாகனத்துக்கும் ஹோட்டலுக்கும் பணம் கொடுத்து வருகிறவர், எமது தோணிக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்க ஆயத்தமாகவே வருகிறார். எமது உழைப்புக்கு விலை சொல்வது உபசாரத்தைக் குறைப்பதாகாது. விலையை முன்கூட்டியே பலகையில் எழுதி வைத்துவிட்டால் கேட்கும் கூச்சமும் இல்லை, பின்னர் மனஸ்தாபமும் இல்லை.

காலக் கணக்கு

விவசாயி எதையும் காலம் பார்த்தே செய்வான். இதையும் அப்படியே பார்ப்போம்.

எமது பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. ஒக்டோபரில் விதைத்து, பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பெரும்போக வெள்ளாமையை வெட்டுகிறோம். குளத்து நீர் கிடைக்கும் வட்டைகளில் ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை சிறுபோகமும் உண்டு. மானாவாரிக் காணிக்காரருக்கோ வெட்டு முடிந்தபின் அடுத்த மழை வரை வயலில் வேலையில்லை. அந்த மாதங்களில்தான் எமது ஆண்கள் கூலி தேடித் தூர இடங்களுக்குப் போகிறார்கள். பெண்கள் வெளிநாட்டு வேலையை நினைக்கிறார்கள்.

கிழக்குக் கரையின் சுற்றுலாக் காலத்தையும் இதன் அருகில் வைத்துப் பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை எமது கடல் அடங்கியிருக்கும், வானம் தெளிந்திருக்கும். மீன் பாடும் காலமும் அதுதான். சித்திரை விடுமுறை, ஆவணி விடுமுறை, ஆடி அமாவாசைக்கு நடைபெறும் மாமாங்கேஸ்வரர் உற்சவம் எல்லாம் அந்த மாதங்களில் வருகின்றன. ஆகவே மானாவாரி விவசாயி சும்மா இருக்கும் காலமும் விருந்தாளி வரும் காலமும் ஒன்றாகவே இருக்கின்றன. தெற்கு, மேற்குக் கரை ஊர்களில் விருந்தாளி கூடுதலாக வருவது டிசம்பர் முதல் மார்ச் வரை. அந்த மாதங்களில் நாம் வயலில் நிற்போம். இயற்கை எமக்குச் செய்த வசதி இது. மழைக்காலத்தில் விதைப்பை விட்டுவிட்டு விருந்தாளிக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை எமக்கு இல்லை.

சிறுபோகம் செய்கிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அவர்கள் தோணியோட்டுவதைவிட, விளைந்ததை நல்ல விலைக்கு விற்கும் வழியைத் தேடுவதே மேல். அதைப் பற்றி அடுத்துச் சொல்கிறோம்.

பணம் எங்கே தங்குகிறது?

சுற்றுலாவில் கேட்க வேண்டிய முதற் கேள்வி, எத்தனை பேர் வந்தார்கள் என்பதல்ல. அவர்கள் செலவழித்த பணத்தில் எவ்வளவு எமது பிரதேசத்தில் தங்கியது என்பதே. வாய்க்காலில் எவ்வளவு நீர் திறந்துவிட்டாலும் வரம்பு உடைந்திருந்தால் எமது வயல் காய்ந்தே கிடக்கும் அல்லவா?

பாசிக்குடாவை எடுத்துக்கொள்வோம். யுத்தத்துக்கு முன்னரும் அங்கே ஹோட்டல்கள் இருந்தன. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியும் பின்னர் வந்த யுத்தமும் அந்தக் கரையை வெறுமையாக்கின. 2009 க்குப் பின், 2011 முதல் புதிய ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன. ஊருக்கு வெளிச்சம் வந்தது, வீதி வந்தது. ஆயினும் சுற்றியுள்ள ஊர்களில் வேலை பெற்றோர் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றும், மீனவர் தோணி ஏற்றும் கரை சுருங்கிப் போனது என்றும் அங்கு சென்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாம் கேட்கும் கேள்வி இது: அந்தச் சமையலறைகளில் வெட்டும் கத்தரிக்காய் எந்த ஊர்க் கத்தரிக்காய்? அந்தத் தயிர் யாருடைய பட்டியில் கறந்த பால்? அது எமது ஊருடையதாக இருந்தால் ஹோட்டலில் வேலை கிடைக்காத குடும்பத்துக்கும் பங்கு உண்டு. வெளி மாவட்டத்திலிருந்து லொறியில் வருவதானால் எமக்குக் கிடைப்பது வீதித் தூசி மட்டுமே.

இதற்கு வழி கண்ட ஓர் ஊர் கேரளத்தில் இருக்கிறது. வேம்பநாட்டுக் காயலின் கரையிலுள்ள குமரகம், எமது வாவிக்கரையைப் போலவே நெல்லும் மீனும் தென்னையும் உள்ள ஊர். பெரிய ஹோட்டல்கள் வந்தபோது அங்கும் ஊராருக்கு மனக்குறை இருந்தது. 2008 ஆம் ஆண்டளவில் ஊராட்சி மன்றமும், குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழுக்களும், ஹோட்டல் நிருவாகத்தினரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசினார்கள். எந்த மரக்கறி, எவ்வளவு, எந்த நாளில், என்ன தரத்தில், என்ன விலைக்கு என்று தீர்மானித்தார்கள். பெண்கள் குழுக்கள் பயிர் செய்து கொடுத்தன. தரிசாகக் கிடந்த நிலத்திலும் பயிர் ஏறியது. இங்கே பாடம் என்ன? ஒரு விவசாயி தனியாக ஹோட்டல் வாசலில் ஒரு சாக்குக் கத்தரிக்காயுடன் நின்றால் காவலாளி திருப்பி அனுப்புவான். இருபது குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து, நாள் தவறாமல், ஒரே தரத்தில் கொடுப்போம் என்று எழுதிக் கொடுத்தால் முகாமையாளர் கேட்பார். விலையைவிட, நாள் தவறாமையே அவர்களுக்கு முக்கியம்.

தோணி வேலைக்கும் முன்மாதிரிகள் உண்டு. சிதம்பரத்துக்குக் கிழக்கேயுள்ள பிச்சாவரத்தில் கண்டல் காட்டின் குறுகிய வாய்க்கால்களுக்குள் ஊர்ப் படகோட்டிகள் துடுப்பு வலித்து ஆட்களைக் கூட்டிச் சென்று காட்டுகிறார்கள். 2004 சுனாமியின்போது அதே கண்டற் காடு பின்னாலிருந்த குடியிருப்புகளுக்குக் காவலாகவும் நின்றது. எமக்கு அருகில், பொத்துவில் களப்பிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தினர் இத்தகைய தோணிச் சவாரியை நடத்தியிருக்கிறார்கள். தோணி மீனவருடையது, சாப்பாடும் தயிரும் விவசாயக் குடும்பத்தினுடையது என்று இரு பகுதியாரும் சேர்ந்தால் எமது வாவியிலும் செய்யலாம்.

காணியைக் காத்துக்கொள்ளுங்கள்

இக்கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுவே. காணி இழந்தவரின் வேதனை எமது வாசகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பிரதேசத்துக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கியதும், அதுவரை யாரும் திரும்பிப் பாராத உவர் நிலத்துக்கும் கரைத் துண்டுக்கும் விலை ஏறும். தரகர் வருவார். வெள்ளைக் கடதாசியில் கையெழுத்துக் கேட்பவரும் வருவார்.

அம்பாறை மாவட்டத்தின் பாணமையில் நடந்ததை நாம் மறக்கக்கூடாது. 2010 ஜூலையில் அங்குள்ள சில கடலோரக் குடியிருப்புகளிலிருந்து விவசாய, மீனவக் குடும்பங்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டன. பின்னர் அக்காணிகளில் படை முகாமும் விருந்தினர் விடுதியும் எழுந்தன. மக்கள் கலைந்து போகவில்லை. ஒன்றாக நின்று வழக்கும் போராட்டமுமாக முயன்றார்கள். 2015 பெப்ரவரியில் காணியின் பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுக்க அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் வந்த பின்னரும் அது நடைமுறைக்கு வர அவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. அவர்கள் சிங்கள மக்கள். காணி பறிபோவதில் இனம் பார்ப்பதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

எனவே சுற்றுலா பற்றிப் பேசு முன் ஒவ்வொரு குடும்பமும் தன் காணியின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கையில் இருப்பது உறுதியா, "போமிட்" என்று நாம் சொல்லும் அனுமதிப்பத்திரமா, அளிப்பா? 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இன்றி விற்கவோ கைமாற்றவோ முடியாது. "நான் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கையெழுத்தை மட்டும் வையுங்கள்" என்று எவர் சொன்னாலும் வைக்காதீர்கள். இடம்பெயர்வில் பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் உள்ள பதிவேட்டைக் கொண்டு பிரதி பெற முயலுங்கள். அனுமதிப்பத்திரத்துக்கு உரியவர் இறந்திருந்தால் பின்னுரித்தாளர் பெயரைப் பதிவதைத் தள்ளிப்போடாதீர்கள். கணவனை இழந்த பெண்கள் இதில் முதலில் கவனம் செலுத்த வேண்டும். காணி எமது பெயரில் உறுதியாக இருந்தால், விருந்தாளி எமது வீட்டுக்கு வருவார். இல்லாவிட்டால், எமது காணியில் வேறொருவர் கட்டிய வீட்டுக்கு நாம் கூலிக்குப் போவோம்.

சிறிதாகத் தொடங்குவது எப்படி?

கடன் வாங்கி அறை கட்டுவது தொடக்கமாக இருக்கக்கூடாது. நுண்கடனால் எமது பெண்கள் பட்ட பாடு போதும். இருப்பதைக் கொண்டு தொடங்குவோம்.

1. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம் மூன்றும் ஒரு முறை ஒன்றாகக் கூடுங்கள். ஊரில் பார்க்கத் தகுந்தவை எவை, யாரிடம் தோணி உண்டு, யாரிடம் பட்டி உண்டு, யார் பாய் இழைப்பார், யார் நன்றாகக் கதை சொல்வார் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள்.

2. அரை நாளுக்குரிய ஒரே ஒரு பயணத்தை ஒழுங்கு செய்யுங்கள். காலையில் கோவில், பின் வாவியில் தோணி, ஒரு வீட்டுத் திண்ணையில் இளநீர், பாய் இழைப்பதைப் பார்த்தல், மத்தியானச் சாப்பாடு, கடைசியில் கட்டித் தயிர். இது போதும்.

3. முதலில் அருகிலுள்ள பாடசாலைப் பிள்ளைகளையும் வெளிநாட்டிலிருந்து வந்துள்ள உறவினரையும் கூட்டிச் சென்று பழகுங்கள். எங்கே தாமதம், எங்கே குறை என்று அவர்களே சொல்வார்கள்.

4. விருந்தாளியை இரவில் தங்க வைக்க விரும்பினால் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டுத் தங்குமிடமாகப் பதிவதற்கு முறை உண்டு. கிழக்கு மாகாணச் சுற்றுலாப் பணியகத்திலும் பிரதேச செயலகத்திலும் விபரம் கேட்கலாம். பூட்டுள்ள அறை, நுளம்பு வலை, சுத்தமான மலசலகூடம், கொதித்தாறிய நீர் ஆகியவை இல்லாமல் அதைத் தொடங்க வேண்டாம்.

5. பங்கு பிரிப்பதை முதல் நாளே எழுதி, எல்லோர் முன்னும் வாசித்துக் காட்டுங்கள்.

ஐந்தாவது விடயத்துக்கு ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். நால்வர் கொண்ட ஒரு குடும்பம் தோணிப் பயணத்துக்கு 4,000 ரூபா கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோணி வலித்தவருக்கு 1,800, தோணி உரிமையாளருக்கு 700, இளநீர் கொடுத்த வீட்டுக்கு 600, வழிகாட்டிய இளைஞருக்கு 500, சங்க நிதிக்கு 400 எனப் பிரிக்கலாம். இது விலைப்பட்டியல் அல்ல, பிரிக்கும் முறையைக் காட்டும் கணக்கு மட்டுமே. உங்கள் ஊர் நிலைமைக்கு ஏற்றவாறு மாற்றுங்கள். ஆனால் சங்க நிதி என்ற கடைசிப் பங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். தோணி பழுதானால் திருத்தவும், துறையைச் சுத்தமாக வைக்கவும், விருந்தாளி வராத மாதத்தில் ஒரு குடும்பத்துக்கு அவசர உதவி செய்யவும் அந்தப் பணமே உதவும். தோணிகள் முறை வைத்து ஓட வேண்டும். ஒருவரே எல்லாச் சவாரியையும் எடுத்துக்கொண்டால் சங்கம் மூன்று மாதம் தாங்காது.

உயிரும் மரியாதையும்

2021 நவம்பர் 23 ஆம் திகதி திருகோணமலை மாவட்டம் கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். களப்பு நீர் அமைதியாகத் தெரியும், ஆனால் அது பொல்லாதது. எனவே உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒருவரையும் தோணியில் ஏற்றக்கூடாது. தோணி தாங்கும் அளவுக்கு மேல், "இன்னும் ஒருவர்தானே" என்று ஏற்றக்கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை வேளையிலேயே சவாரியை முடித்துவிடுங்கள். முதலை நடமாடும் கரைகளில் விருந்தாளியைக் குளிக்க விடாதீர்கள். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதை ஏறுமுன் சொல்லுங்கள். படுவான்கரையில் யானையால் உயிரும் பயிரும் இழந்த குடும்பங்கள் உண்டு. யானையைக் கிட்டப் போய்க் காட்டுவது என்ற எண்ணமே வேண்டாம்.

உயிரைப் போலவே மரியாதையும் பெரிது. கூத்து எமது ஊருக்காக ஆடுவது. வடமோடியோ தென்மோடியோ, களரியில் ஆடும் நாளில் விருந்தாளி வந்து எம்மோடு இருந்து பார்க்கட்டும். அவருடைய பஸ் புறப்படும் நேரத்துக்காக அதைக் கால் மணித்தியாலத் துண்டாக வெட்டத் தேவையில்லை. யுத்த காலத்தில் உயிரிழந்தோரின் நினைவிடங்கள் மகிழடித்தீவு முதலிய ஊர்களில் இருக்கின்றன. அவை காட்சிப் பொருள்கள் அல்ல. வெளியாரை அங்கே கூட்டிச் செல்வதா, அங்கே என்ன சொல்வது என்பதை அந்தக் குடும்பங்களே தீர்மானிக்க வேண்டும். பிள்ளைகளைப் படிப்பை விட்டு வழிகாட்டும் வேலைக்கு அனுப்பாதீர்கள். அந்நியருடன் தனியே விடாதீர்கள். சந்தேகமான எதையும் கண்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

ஒற்றைக் காலில் நிற்க வேண்டாம்

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 2018 இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் நாட்டின் வேறு இடங்களிலும் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. 2021 இல் வந்தவர்களின் தொகை 2 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. 2022 இல் எரிபொருள் இல்லாமல் உள்ளூராரும் பயணம் செய்ய முடியவில்லை. 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இந்த ஏற்ற இறக்கத்தில் எமது ஊர் மீனவருக்கோ விவசாயிக்கோ ஒரு சொல்லும் இல்லை. சுற்றுலாவை மட்டும் நம்பிக் கடன்பட்டவர்கள் அந்த ஆண்டுகளில் மிகவும் துன்பப்பட்டார்கள். வயலும் வலையும் பட்டியும் வைத்திருந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்காவது வழி இருந்தது.

ஆகவே நெல் முதலில், விருந்தாளி பின்னர். வாவியைக் கெடுக்காமல், கண்டலை வெட்டாமல், காணியை விடாமல், சங்கமாக நின்று செய்தால் மழை பொய்த்த ஆண்டில் இந்தச் சிறு வருமானம் பிள்ளைகளின் கொப்பி புத்தகத்துக்காவது உதவும். ஓர் இளைஞனைக் கூலிக்காகத் தூர இடத்துக்குப் போகாமல் ஊரிலே நிறுத்தினால் அதுவும் பெரிய காரியமே.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை எடுத்துப் பேசுங்கள். எமது ஊரில் ஒரு விருந்தாளிக்கு அரை நாளில் எதைக் காட்டுவோம்? அவர் கொடுக்கும் பணம் எந்தெந்த வீடுகளுக்குப் போகும்? எமது காணிப் பத்திரங்கள் யார் யாரிடம் சரியாக இருக்கின்றன, யார் யாரிடம் இல்லை? மூன்றாவது கேள்விக்கான பதிலை முதலில் எழுதுங்கள். அதில் குறை இருந்தால் அதைத் தீர்த்துவிட்டே மற்ற இரண்டுக்கும் வாருங்கள்.